பழைய அடையாள அட்டையில் இருப்பது யாருடைய முகம்?

ஜனவரி 7, இரவு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முன்பின் தெரியாதவர்களின் அடையாள அட்டைகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வந்து, அவற்றிலிருந்து அவர்களுடைய வாழ்க்கையைச் சொல்வதாக எழுதுகிறீர்கள். அட்டையில் இருப்பது அலுவலகம் கேட்ட விவரம் மட்டும்தான். மீதியெல்லாம் உங்கள் கற்பனை இல்லையா?"

ஓர் அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். உள்ளங்கையில் அடங்குகிற, இரண்டாக மடிக்கக்கூடிய, நடுவில் துணி ஒட்டிய பழுப்பு அட்டை. மதுரையில் ஒரு பஞ்சாலை தன் தொழிலாளிக்குத் தந்தது. ஆலையின் பெயரையும் அட்டைக்குரியவரின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இடப்பக்கத்தில் புகைப்படம், அதன் இரண்டு மூலைகளில் பித்தளை ஐலெட் (துளையில் அடிக்கும் சிறு வளையம்) அடித்திருக்கிறார்கள், அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. பாதி படத்தின் மேலும் பாதி அட்டையின் மேலும் விழும்படி ஊதா மையில் வட்ட முத்திரை. வலப்பக்கத்தில் டோக்கன் எண், பிரிவு ரீலிங் (நூலைச் சிட்டமாகச் சுற்றும் பிரிவு), தகப்பனார் பெயர், வயது 22. அதற்குக் கீழே அங்க அடையாளங்கள் இரண்டு: முகத்தில் அம்மைத் தழும்புகள்; இடது முன்கையில் பச்சை குத்தியிருப்பது.

புகைப்படத்தில் இருக்கிற பெண்ணின் முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கன்னம் பளிங்குபோல் இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது இது. இந்தப் பெண் வேறு, அட்டைக்குரிய பெண் வேறு. அக்காளுக்குக் கிடைத்த வேலையில் தங்கை நின்றிருக்கிறாள், அல்லது தங்கையின் படத்தைக் கொடுத்து அக்காள் பதிந்திருக்கிறாள். கணவர் பெயர் இல்லாமல் தகப்பனார் பெயர் இருப்பதால் திருமணம் ஆகாதவள் என்பதும் தெரிகிறது. இதைக் கற்பனை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். படம் ஒன்று சொல்கிறது, எழுத்து வேறொன்று சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

ஜனவரி 8

எடைக்கு வாங்குவதாகச் சொன்னதை மட்டும் திருத்திவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் எடைக்குத்தான் வாங்கினேன். சிம்மக்கல் பக்கத்துக் கடைக்காரருக்கு என் ஆசை தெரிந்த பிறகு, அட்டைகளைக் கட்டிலிருந்து தனியே பிரித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒன்றுக்கு 50 ரூபாய் என்று வைத்துவிட்டார். ஆர்வத்தை முகத்தில் காட்டியது என் தவறு. இந்தத் தொழிலில் முகம் எல்லோருக்குமே ஏதாவது வம்பை இழுத்து வருகிறது.

ஜனவரி 14

பொங்கல் வேலைகள் முடிந்து உட்கார்ந்திருக்கிறேன். தேதி அழிந்துபோன அட்டையின் காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இதில் கற்பனைக்கு இடமே இல்லை என்பதால் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன்.

முதலில் முகவரியைப் பார்ப்பேன். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் "மதுரை - 1" என்று ஊர்ப்பெயரோடு ஒற்றை எண்தான். 625 001 என்று ஆறு இலக்கம் அச்சாகியிருந்தால் அட்டை அதற்குப் பிந்தையது. மாறாக, "மதுரை - 1" என்று கையால் எழுதியிருப்பது பழையது என்பதற்குச் சான்றாகாது. என் தாய்மாமன் 1990 வரை அப்படித்தான் எழுதினார். அச்சை நம்பலாம், கையெழுத்தை நம்பக் கூடாது.

அடுத்தது மாநிலத்தின் பெயர். 1969இல் இதே ஜனவரி 14 அன்றுதான் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. ரயில்வே அட்டைகளில் தென்னிந்திய ரயில்வே என்று இருந்தால் அது 1951 ஏப்ரலுக்கு முந்தையது. அந்த மாதம் 14ஆம் தேதி தெற்கு ரயில்வே உருவானது. மாணவர் அட்டையில் மதுரைப் பல்கலைக்கழகம் என்றிருந்தால் 1966க்கும் 1978க்கும் இடைப்பட்டது. அதற்குப் பிறகு காமராசர் பெயர் சேர்ந்துவிடுகிறது. பஸ் பாஸில் "பாண்டியன்" என்ற அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருந்தால் 1972க்கும் 1997க்கும் நடுவில். திண்டுக்கல்காரரின் அட்டையில் மாவட்டம் மதுரை என்று அச்சிட்டிருந்தால் 1985 செப்டம்பருக்கு முன்பு. தேனிக்காரருக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கூடுதல் அவகாசம் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அலுவலகங்கள் பழைய படிவங்களைத் தீரும்வரை பயன்படுத்தும். "மெட்ராஸ்" என்று அச்சிட்டதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே "தமிழ்நாடு" என்று எழுதிய அட்டைகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. ஓர் ஆட்சிப் பெயர் மாறியதைப் பேனாக் கோடாகப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

ரீலிங் பெண்ணின் அட்டையில் அச்சு "மெட்ராஸ் ஸ்டேட்", அடித்தல் இல்லை. எனவே 1969க்கு முந்தையது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 15

"புகைப்படத்தை அட்டையில் ஒட்டுகிற வழக்கத்தை ஆரம்பித்தது வெள்ளைக்காரப் போலீசா?" என்ற கேள்விக்கு: இல்லை. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சியில், பணியாளர்களும் கடைக்காரர்களும் உள்ளே போய்வரப் புகைப்படம் ஒட்டிய சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த ஏற்பாட்டில் முன்னின்றவர் வில்லியம் நாட்மன் என்ற கனடாப் புகைப்படக்காரர். ஆள்மாறாட்டம் செய்து ஓசியில் நுழைவதைத் தடுப்பதுதான் நோக்கம்.

பாஸ்போர்ட்டில் படம் கட்டாயமானது முதல் உலகப் போரில். கார்ல் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி, வேறொருவருடைய அசல் அமெரிக்கப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பிரிட்டனுக்குள் சுற்றினார்; 1914 நவம்பரில் லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அட்டையில் இருப்பவரும் அட்டையை நீட்டுபவரும் ஒருவர்தானா என்ற சந்தேகத்தில் பிறந்ததுதான் இந்தச் சின்னப் படம். நானும் அதே சந்தேகத்தோடுதான் என் ரீலிங் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 27

ஜனவரி 7 அன்று எழுதியது தவறு. ஆள்மாறாட்டம் ஏதும் இல்லை.

கோச்சடையில் இருக்கிற பெரியவர் ஒருவர், 35 வருடம் மதுரை ஸ்டூடியோக்களில் வேலை பார்த்தவர், என் குறிப்பை அவருடைய பேரன் படித்துக் காட்டியதும் தொலைபேசியில் கூப்பிட்டு, சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். "தம்பி, தழும்போட படம் குடுத்தா அந்தப் புள்ள காசு குடுத்திருக்குமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதை என்னால் இயன்றவரை சரியாக எழுதுகிறேன். அம்மைக் குழியில் நிழல் விழும். நிழல் படத்தில் கறுப்பாக வரும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பதால் அதே குழி அங்கே தெளிந்த கண்ணாடிப் புள்ளியாகத் தெரியும். டச்சிங், அதாவது நெகட்டிவில் திருத்த வேலை, செய்கிறவர் நெகட்டிவைச் சாய்வான மரச் சட்டத்தில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி செய்து, மருந்துப் பக்கத்தில் (படம் பதிந்திருக்கும் பூச்சுள்ள பக்கம்) ஒரு மெழுகுத் தைலத்தைத் தடவிக்கொள்வார். தைலம் இல்லாவிட்டால் பென்சில் பிடிக்காது, வழுக்கும். பிறகு ஊசிபோல் சீவிய பென்சிலால் ஒவ்வொரு தெளிந்த புள்ளியையும் மெல்ல மெல்ல அடைப்பார். கோடு இழுக்கக் கூடாது. சிறு சுழியாகச் சுழிக்க வேண்டும். பென்சில் ஏறிய இடத்தில் வெளிச்சம் குறைவாகப் பாயும், அச்சில் அந்த இடம் வெளுத்துப்போகும், குழி நிரம்பிவிடும். அம்மை முகம் என்றால் ஒரு நெகட்டிவுக்கு அரைமணி நேரம் பிடிக்குமாம். கைக்குத் தனிக் கூலி கிடையாது, படத்தின் விலைக்குள் அடக்கம்.

நான் பூதக்கண்ணாடியோடு அச்சைத் துருவியதில் பயன் ஏதும் இல்லை என்பதும் இப்போது புரிகிறது. மாற்றம் நடந்தது நெகட்டிவில். அச்சின் மேல் மையால் புள்ளி வைத்திருந்தால் சாய்த்துப் பார்க்கும்போது மங்கலாகத் தெரிந்திருக்கும். நெகட்டிவில் செய்த வேலை அச்சில் தடயம் வைப்பதில்லை. அந்த நெகட்டிவ்கள் எங்கே என்று கேட்டேன். கடையை மூடும்போது, எக்ஸ்ரே பிலிம் வாங்குகிறவர்கள் வந்து வெள்ளி எடுப்பதற்காக மூட்டை மூட்டையாக எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார். மதுரையில் பாதிப் பேருடைய உண்மையான முகம் அந்த மூட்டைகளில் போயிருக்கிறது. (டச்சிங் செய்த நெகட்டிவ்களில் இருந்ததும் உண்மை முகம் இல்லையே என்று பெரியவர் உடனே திருத்தினார். ஒப்புக்கொள்கிறேன்.)

ஆக, படம் எடுக்கிறவர் அந்தப் பெண் கேட்டுக்கொண்டபடி தழும்பை அழித்திருக்கிறார். எழுத்தர் தன் கடமைப்படி தழும்பை எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே பெண். அக்காள் தங்கைக் கதையை நான்தான் கட்டினேன். கேள்வி கேட்ட நண்பருக்கு இந்தச் சுற்றில் வெற்றி.

ஜனவரி 27, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. வெற்றி முழுவதும் அவருக்கு என்று எழுதியது அவசரம். நான் சொன்ன காரணம்தான் தவறு. படமும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை என்று கண்டது சரி. தழும்பில்லாமல் ஒருநாள் தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆலைத் தொழிலாளி விரும்பியது கற்பனை இல்லை. பாஸ்போர்ட் அளவில் கண்முன் இருக்கிறது.

பிப்ரவரி 2

வயது 22 என்பதை நான் ஏன் கேள்வி கேட்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டிருக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு மருத்துவர் தகுதிச் சான்று தர வேண்டும், அவர்கள் அதற்கான டோக்கனையும் உடன் வைத்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகளுக்குப் பல்லையும் உயரத்தையும் பார்த்து மருத்துவர் சொன்னதே வயது. தொல்லை வேண்டாம் என்று நினைக்கிற குடும்பம் பதினேழைப் பத்தொன்பது என்று சொல்லிவிடும். பழைய அட்டைகளில் 18, 20, 22, 25 என்ற எண்கள் கூடுதலாகவும் 19, 21, 23 அபூர்வமாகவும் வருவதை என் டப்பாவிலேயே பார்க்கிறேன். இது கணக்கெடுப்பு இல்லை, 212 அட்டைகளைக் கையில் புரட்டிய நினைவு.

பள்ளிக்கூடத்து வயதும் இப்படித்தான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொட்டுவிட்டவனுக்கு வாத்தியாரே ஒரு பிறந்த தேதி போடுவார். பள்ளி திறக்கிற ஜூனுக்கு வயது ஐந்து நிறைகிறபடி மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு நாள். என் தகப்பனார் பிறந்தது மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் என்று பாட்டி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். அவருடைய அலுவலக அட்டையில் ஜூன் 5. அந்த வாத்தியார் புண்ணியத்தில் அவருக்கு ஆறு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைத்தது.

பிப்ரவரி 9

"இதையெல்லாம் சேகரிப்பது சரியா?" இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். அவருடைய ஊர் உசிலம்பட்டிப் பக்கம் என்பதை அறிந்தபோது கோபத்தின் வேர் விளங்கியது.

அந்த வட்டாரத்தில் அடையாளச் சீட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரேகைச் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டத்தை அங்கே அப்படித்தான் சொன்னார்கள். பிறமலைக் கள்ளர் ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் சொன்ன இடத்தில் வந்து படுக்க வைத்து, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வைத்தார்கள். ரேகை வைக்க மறுத்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானது. அந்த மக்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை "ரோசாப்பூ துரை" என்று இன்றும் அங்கே சொல்வார்கள். மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்தான். சீட்டு இல்லாமல் மாமனார் வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம், அதே மாதிரிச் சீட்டு அழகான பழம்பொருள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவற்றை நான் வாங்குவதில்லை. ஒரே ஒரு முறை ஒரு கட்டில் வந்தபோது, எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெரியவரிடமே சேர்த்துவிட்டேன். அவர் அதைப் படித்துப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேறொன்றும் பேசவில்லை.

பாஸ்போர்ட்டையும் வாங்குவதில்லை, 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எப்போதும் மத்திய அரசின் சொத்து, வைத்திருந்தவருக்கே சொந்தம் இல்லாதது எனக்கு எப்படிச் சொந்தமாகும்? தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில், 1993இல் தொடங்கிய வாக்காளர் அட்டைக்குப் பிந்தைய எதையும் தொடுவதில்லை. அவற்றுக்குரியவர்கள் உயிரோடு நடமாடுகிறார்கள்.

தயக்கத்தோடு வைத்திருப்பது ஒன்று உண்டு. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து, பிறகு முன்பின் பார்த்திராத ஊர்களுக்குப் போனார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களைக் கொடைக்கானல் மலைக் காடுகளில் மரம் வெட்ட வைத்த கதை மதுரைப் பக்கத்தில் பலருக்குத் தெரியும். என்னிடம் உள்ள அட்டையில் குடும்பத்தில் ஐந்து பேர் என்று எழுதி, ஐந்தாவது பெயரைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். காரணம் எழுதவில்லை. ரீலிங் பெண்ணிடம் சூடுபட்ட பிறகு, நானும் காரணம் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் ஒரு நேர்மைக் குறை இருக்கிறது. ஐந்தாவது பெயரின் வயது அட்டையில் இருக்கிறது, எனக்குத் தெரியும், வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். இரண்டு வயது.

மார்ச் 3

பென்சன் படங்கள் எங்கே என்று கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நன்றி. அதுதான் என் டப்பாவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அரசு ஊழியர் ஓய்வு பெறும்போது மனைவியோடு சேர்ந்து எடுத்த கூட்டுப் புகைப்படத்தை, கெஜட்டட் அதிகாரியின் கையொப்பத்தோடு இணைக்க வேண்டும். திருமணத்தின்போது படம் எடுக்காத, அதற்குப் பிறகு சேர்ந்து ஒரு பெஞ்சில்கூட உட்காராத எத்தனையோ தம்பதியர், 58ஆம் வயதில் அரசாங்கம் கேட்டது என்பதற்காக முதல் முறையாகத் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு படத்தில் அந்த அம்மாள் கேமராவைப் பார்க்காமல் கணவரின் சட்டைக் காலரைப் பார்க்கிறார். காலர் மடங்கியிருக்கிறது.

இதிலும் மூலக்காரணம் சந்தேகம்தான். 1877இல் வங்காளத்து ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், இறந்துபோனவர்களின் பென்சனை வேறு யாரோ வாங்குவதைத் தடுக்க விரல் ரேகை வாங்கத் தொடங்கினார். ரேகை குற்றவாளிகளைத் தேடி வருவதற்கு முன்பே கிழவர்களைத் தேடி வந்துவிட்டது.

மார்ச் 16

பாதுகாக்கும் முறை பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். என் முட்டாள்தனத்திலிருந்து தொடங்குகிறேன். 2009இல், 1950களைச் சேர்ந்த ஒரு ரயில்வே சீசன் அட்டையை, கெட்டுப்போகக் கூடாது என்று தெருமுனைக் கடையில் லேமினேட் செய்யக் கொடுத்தேன். சூட்டில் படத்தின் மேலிருந்த ஜெலட்டின் இளகிக் கொப்புளித்து, அந்த மனிதரின் நெற்றி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் மேல் குற்றமில்லை. வேண்டாம் சார் என்று அவர் ஒருமுறை சொல்லவும் செய்தார். பழைய புகைப்படம் என்பது காகிதத்தின் மேல் ஜெலட்டின், அதற்குள் வெள்ளி. சூடு, ஈரம், பசை மூன்றும் அதற்கு ஆகாது.

குண்டூசியும் ஸ்டேப்ளரும் இருந்தால் துரு பரவுவதற்குள் எடுத்துவிடுங்கள். ஐலெட்டைத் தொடாதீர்கள், அது அட்டையின் பிறப்போடு வந்தது. மைதாப் பசையால் ஒட்டிய படங்களை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும். மெதுமெதுவென்று இருந்து வாசமடிக்கிற பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் அமிலம் கசியும். பாலியெஸ்டர் உறை விலை கூடுதல் என்றாலும் அதுதான் சரி. மதுரை வெயிலில் பீரோ உள்ளே அடுப்பாகிவிடும், எனவே மாடி அறையில் வைக்காதீர்கள். ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரிந்தால் துடைக்க வேண்டாம். படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து நிற்கிறது. துடைத்தால் முகமும் கூடவே போகும்.

ஏப்ரல் 20

ரீலிங் பெண்ணின் குடும்பம் கிடைத்துவிட்டது.

அட்டையிலுள்ள டோக்கன் எண்ணை ஆரப்பாளையத்தில் ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவரிடம் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆலையில் பெயரைவிட எண்ணுக்குத்தான் மதிப்பு. சங்கு ஊதுவதற்குள் அந்த எண் பலகையில் தொங்க வேண்டும். அவருக்கு அந்த எண் நினைவில்லை, ஆனால் அம்மை முகத்தோடு ரீலிங்கில் இருந்த பெண் என்றதும் பெயரையே சொல்லிவிட்டார். ஆக, அந்த எழுத்தர் எழுதிய ஒற்றை வரிதான் அறுபது வருடம் கழித்து ஆளைக் கண்டுபிடித்தது; படம் எடுத்துக்கொண்டு அலைந்ததில் பயன் ஒன்றும் இல்லை.

மகள் செல்லூரில் இருக்கிறார், அறுபதைக் கடந்தவர். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்த ஒரு தகரப் பெட்டியைப் பையன்கள் பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்களாம். அட்டையைக் கையில் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அம்மாவின் படம் வேறு எதுவும் வீட்டில் இல்லை. மூக்குத்தியும் காதும் அம்மாதான் என்றார். பிறகு, "மொகம் இப்படி வழவழன்னு இருக்காது தம்பி. சோறு ஊட்டும்போது நான் அந்தக் குழியெல்லாம் ஒண்ணொண்ணா தொட்டுப் பார்ப்பேன்" என்றார்.

கையில் குத்தியிருந்த பச்சை கோலமா என்று கேட்டேன். தேள். எழுத்தருக்கு அது தேவைப்படவில்லை.

என் இன்னொரு முடிவும் விழுந்தது. திருமணம் ஆகாதவள் என்று எழுதியிருந்தேன். அட்டை வாங்கும்போது கைக்குழந்தையாக இருந்தவரே இந்த மகள்தான். தகப்பனார் பெயரை ஏன் கொடுத்தார் என்று கேட்டதற்கு, அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "எங்கப்பாவ நம்ப முடிஞ்சிருந்தா அம்மா மில்லுக்கே போயிருக்காதே."

அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வரும் வழியில் வைகைப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம்தான், பெருந்தன்மையெல்லாம் இல்லை.

ஏப்ரல் 22

"அவரிடம் பணம் வாங்கினீர்களா?" என்று கேட்டவருக்கு: 50 ரூபாய்க்கு வாங்கிய அட்டைக்கு அவர் இரண்டு தோசையும் மீன்குழம்பும் போட்டார். லாபம்.

மே 13

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். செல்லூரில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நீந்தி ரீலிங் பெண்ணின் மகள் வீட்டுக்குப் போனேன், வரச் சொல்லியிருந்தார்.

சுவரில் அம்மாவின் படம் பெரிதாகச் சட்டமிட்டு மாட்டியிருந்தது. முத்திரை குத்திய படத்துக்கு மாலை போட மனம் வரவில்லை என்று ஸ்டூடியோவில் சொல்லி, ஊதா வட்டத்தைக் கணினியில் நீக்க வைத்திருக்கிறார். கூடவே தழும்புகளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். இருப்பதை அழிக்கத் தெரியும், பார்க்காததைப் போடத் தெரியாது என்று அந்தப் பையன் கைவிரித்துவிட்டான். கோச்சடைப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த நெகட்டிவை டச்சிங் செய்தது தானாகவும் இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மகள் அசல் படத்தை ஐலெட்டோடு பெயர்த்து எடுத்துச் சட்டத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, மீதி அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் திருப்பித் தந்தார். உங்களுக்குத் தேவை எழுத்துதானே என்றார். பெயர்த்ததைக் கண்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. முகத்தில் காட்டாமல் இருக்க இந்த முறை பழகியிருந்தேன். இப்போது என் பாலியெஸ்டர் உறைக்குள் இருக்கிற அட்டையில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, இரண்டு ஓட்டைகளோடு, முத்திரையின் பாதி வட்டத்தோடு இருக்கிறது. வலப்பக்கத்தில் அம்மைத் தழும்புகள் அப்படியே இருக்கின்றன.

பெயர்த்த படத்தின் முதுகை அவர் காட்டினார். பென்சிலில் ஒரு நெகட்டிவ் எண். அதன் கீழே "4 காப்பி". நாலில் ஒன்று அட்டைக்கு, ஒன்று ஆலைப் பதிவேட்டுக்கு, மற்ற இரண்டும் எடுத்துக்கொண்டவர் கையில்தான் கொடுப்பார்கள் என்று கோச்சடைப் பெரியவர் சொல்கிறார். அப்படியானால் இரண்டு படம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். பரணில் இன்னொரு தகரப் பெட்டி இருக்கிறதாம், பூட்டு துருப்பிடித்திருக்கிறதாம், திருவிழாக் கூட்டம் கலைந்ததும் பூட்டுக்காரரைக் கூப்பிடப்போவதாக மகள் சொன்னார்.